பிளஸ் டூவுக்குப் பின் நூறு நாள்

2025இல் பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வெளியானது. பொறியியல் சேர்க்கைக்கான இணையப் பதிவு அதற்கு முதல் நாளே தொடங்கி, ஜூன் 6 வரை நடந்தது. பொதுக் கலந்தாய்வு ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடிந்தது. அதற்குள் அரசு கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளே தொடங்கிவிட்டன. ஏறத்தாழ நூறு நாள். பதினேழு வயதுப் பிள்ளை, பெரும்பாலும் இந்த வழியில் ஒருமுறையும் போகாத பெற்றோர், கையில் ஒரு கைபேசி. இவ்வளவுதான் பல வீடுகளில் இருக்கும் ஏற்பாடு.

மதிப்பெண் போதாமல் ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காமல் போவது ஒரு வகை இழப்பு. அதற்கு மே மாதத்தில் செய்யக்கூடியது அதிகமில்லை. மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் நேரத்தில் வராமலும், ஓடிபி யாருடைய கைபேசிக்கோ போனதாலும், கல்லூரி விருப்பப் பட்டியலைத் தலைகீழாக அடுக்கியதாலும் இடம் போவது இன்னொரு வகை. இதை முழுவதும் தடுக்கலாம். பிள்ளைக்குத் துணை நிற்கும் ஆசிரியரோ அண்ணனோ அக்காவோ அத்தையோ தங்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது இரண்டாவதில்தான். "என்ன படிக்கலாம்?" என்ற பேச்சில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, "எப்படிச் சேர்வது?" என்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளுவதுதான் நடக்கும் பெரிய தவறு.

தாள்கள்: தேர்வுக்கு முன்பே

எல்லாவற்றுக்கும் அடிப்படை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இனிஷியலில்தான் சிக்கல் தொடங்கும். மதிப்பெண் சான்றில் "கவிதா மு" என்று இருக்கும். ஆதாரில் "மு கவிதா" என்றோ, அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து "கவிதா முருகேசன்" என்றோ இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. சேர்க்கையின்போது ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். உதவித்தொகை வரும்போது பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பிவிடும். ஜனவரி, பிப்ரவரியிலேயே மூன்றையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் மதிப்பெண் சான்றின்படி ஆதாரில் திருத்துவதுதான் எளிது. மதிப்பெண் சான்றைத் திருத்துவது நீண்ட வேலை.

அடுத்தது வருவாய்த் துறைச் சான்றுகள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறித்தான் வரும். முடிவு வெளியாகும் வாரத்தில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும். அப்போது ஒரு சின்னக் குறைக்காக விண்ணப்பம் திரும்பினால் போதும், பத்து நாள் போய்விடும். அடிக்கடி திருப்பப்படுவது முதல் பட்டதாரிச் சான்றுதான். குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது அதற்கான விதி. அதற்கான உறுதிமொழியை முழுதாக நிரப்பாமல் விடுவது வழக்கமான குறை. உடன்பிறந்தோர் இருந்தும் அவர்களின் படிப்புச் சான்றை இணைக்காமல் விடுவது இன்னொன்று. அண்ணன் ஏற்கெனவே இந்தச் சான்றால் கிடைக்கும் கட்டணச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்கு மறுபடி கிடைக்காது. சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

வங்கிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அரசு உதவித்தொகைகள் ஆதார் வழியாக வருபவை. ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. பள்ளியில் எட்டாம் வகுப்பில் திறந்து, பிறகு எட்டியே பார்க்காமல் முடங்கிப்போன கணக்கோடு ஆதார் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை புதிய கணக்கைப் பார்த்துப் பார்த்து "பணம் வரவே இல்லை" என்று இருப்பாள். வங்கிக் கிளையில் போய் "என் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது?" என்று கேட்டு, வேண்டிய கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

பிரவுசிங் சென்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவசரத்தில் அங்கே விண்ணப்பம் போடும்போது, பிள்ளைக்கு மின்னஞ்சல் இல்லை என்றால் கடைக்காரர் தன்னுடையதையே போட்டுவிடுவார். கைபேசி எண்ணும் சில நேரம் அவருடையதாகவே இருக்கும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். ஆனால் ஜூலையில் இட ஒதுக்கீடு வந்து, இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டிய நேரத்தில் ஓடிபி அந்தக் கடைக்குப் போகும். கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பிள்ளையின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல், வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் கைபேசி எண், கடவுச்சொல் எழுதிய ஒரு தாள், இம்மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவின் எண் வேண்டாம். ரீசார்ஜ் செய்யாமல் அடிக்கடி முடங்கும் எண்ணும் வேண்டாம்.

கட்-ஆஃப் கணக்கு

கட்-ஆஃப் என்பது தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பெண். பொறியியலுக்குக் கணக்கு எளிது. கணிதம் 100க்கு அப்படியே. இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு. மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 எடுத்த மாணவிக்கு 92 + 42.5 + 44, அதாவது 178.5. மொத்தம் 600க்கு எவ்வளவு என்பதற்கு இங்கே வேலையில்லை. கட்-ஆஃப் சமமாக இருக்கும் இருவரில் யார் முன்னே என்று பிரிக்கும்போதுதான் மற்றவை வரும்: முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று இறங்கி, பிறந்த தேதியும் கடைசியில் கணினி தரும் சமவாய்ப்பு எண்ணும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போவதானால் கணிதத் தாளுக்குப் போவதில்தான் பலன். அங்கே கூடும் ஒரு மதிப்பெண் முழுதாகக் கட்-ஆஃபில் ஏறும். இயற்பியலில் கூடினால் அரைதான். முதலில் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, கூட்டலில் தவறா, திருத்தாமல் விட்ட விடையா, அல்லது வெறும் ஆதங்கமா என்று பார்த்த பிறகே அடுத்த படி. நகல் கேட்க ஒதுக்கும் நாட்கள் குறைவு. அந்தத் தேதியை விட்டால் மறுமதிப்பீட்டுக்கும் வழியில்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கணக்கு வேறு. மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குப் பார்ப்பார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் எடுத்துக்கொள்ளப்படும். ஆக, இயற்பியலில் சறுக்கிய ஒரு பிள்ளை தமிழில் 97 எடுத்திருந்தால், தமிழ்த் துறையின் பட்டியலில் எல்லாருக்கும் முன்னே நிற்கலாம். ஒரே மதிப்பெண் சான்று, மூன்று வெவ்வேறு தரவரிசை. இதைப் பிள்ளைக்கு எழுதிக் காட்டினாலே பாதிச் சோர்வு போய்விடும்.

மருத்துவத்துக்கு நீட் தவிர வேறு வழியில்லை. ஆனால் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், பிற துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடக்கிறது. நீட் எழுதிய களைப்பில் இந்த விண்ணப்பத்தை விட்டுவிடும் உயிரியல் மாணவர்கள் நிறைய.

விருப்பப் பட்டியல்

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. அதற்கு முன் சென்னைக்கு நேரில் போய், திரையில் காலியிடம் பார்த்து ஒரு கல்லூரியைச் சொன்னால் போதும். இப்போது பிள்ளை தன் விருப்பங்களை முன்கூட்டியே வரிசையாக அடுக்கித் தர வேண்டும், மென்பொருள் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும். இந்த ஒரு மாற்றத்தின் பொருள் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

மென்பொருள் செய்வது இதுதான். தரவரிசையில் முன்னால் உள்ளவரின் பட்டியலை எடுக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். பொதுப் பிரிவில் இருந்தால் அதைத் தரும், இல்லையென்றால் அவருடைய வகுப்புக்குரிய ஒதுக்கீட்டில் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் இரண்டாவது விருப்பம். இப்படி இறங்கி, எந்த வரியில் இடம் கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதைத் தொடாது.

ஆகவே, கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். "உறுதியாகக் கிடைக்கும்" என்று பயத்தில் ஒரு கல்லூரியை மேலே போட்டால்தான் நட்டம். அது கிடைத்துவிடும், அதற்கு மேலான கல்லூரி அடுத்த வரியில் காலியாக இருந்தாலும் பிள்ளைக்கு வராது. 178.5 கட்-ஆஃப் வைத்திருக்கும் மாணவி தன் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியை முதல் வரியில் எழுதிவிட்டு, கோவையிலுள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியை ஏழாவது வரியில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழாவது வரி வெறும் அலங்காரம்.

வரிசை என்பது ஆசையின் வரிசை. வாய்ப்பின் வரிசை அல்ல. எத்தனை விருப்பம் எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை என்பதால், முந்தைய ஆண்டில் தன் தரவரிசைக்கு எட்டாமல் போன கல்லூரிகள் பதினைந்து, எல்லையை ஒட்டிய கல்லூரிகள் முப்பது, தாராளமாகக் கிடைக்கக்கூடியவை பதினைந்து என்று ஐம்பது அறுபது வரிகள் எழுதுவது நல்ல அளவு. பத்து வரியோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்கள், நல்ல மதிப்பெண் இருந்தும் அப்படித் தள்ளப்படுகிறார்கள்.

முந்தைய ஆண்டுப் பட்டியலைப் பார்க்கும்போது கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடாமல் தரவரிசை எண்ணை வைத்து ஒப்பிட வேண்டும். ஓராண்டு கணிதத் தாள் எளிதாக வந்து நூற்றுக்கு நூறு பெருகினால், அதே 178.5 பல ஆயிரம் இடம் பின்னே போய்விடும். மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். தன் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் இத்தனையாவது இடம் என்பது அவ்வளவாக மாறாது.

இன்னொன்று கல்லூரிக் குறியீட்டு எண். ஒரே பெயரில், ஒரே அறக்கட்டளைப் பெயரில், ஓரெழுத்து வித்தியாசத்தில் பல கல்லூரிகள் உண்டு. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மாறிப்போகும். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1. அதுபோல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முதலில் தாளில் எண், பாடப்பிரிவின் குறியீடு, ஊர், மாவட்டம் என்று எழுதி, அதைப் பார்த்தே கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஒருவர் தாளை வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும். பூட்டிவிட்டால் திருத்த முடியாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள் கிடைக்கும். அப்போது ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்கு நகரக் காத்திருக்கலாம். இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். அடுத்த சுற்றுக்குப் போகலாம். விலகிக்கொள்ளவும் செய்யலாம். பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் குறித்த நாளுக்குள் பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் "காத்திருக்கிறேன்" என்று வீட்டில் இருந்தால் கையில் இருந்த இடமும் போய்விடும். மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "அதுவே நன்றாக இருந்தது" என்று திரும்ப முடியாது. மேலே எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையிலேயே வேண்டியதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தக் கல்லூரி நல்லது என்ற கேள்விக்கு விளம்பரப் பலகையில் விடை இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்தேர்வு வாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றவற்றோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு, தரத்தைச் சோதித்துத் தரும் என்பிஏ அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பிரிவுக்கு. நேரில் போக முடிந்தால் வேலை நாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் போய் ஆய்வகத்தைப் பார்க்கலாம். அலுவலகத்தில் தரும் வேலைவாய்ப்புப் புத்தகத்தை விட, வாசலில் டீ குடிக்கும் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் "முதல் பருவத்தில் எத்தனை பேருக்கு அரியர்?" என்று கேட்டால் உண்மை கிடைக்கும்.

இரண்டு படகில் கால்

மற்ற இடத்தில் கூடாது என்பார்கள். இங்கே இரண்டு படகில் கால் வைக்கத்தான் வேண்டும். கலைக் கல்லூரிச் சேர்க்கை முன்னே முடிகிறது, பொறியியலும் மருத்துவமும் பின்னே வருகின்றன. பொறியியலை நம்பிக் கலைக் கல்லூரி விண்ணப்பமே போடாதவர் ஆகஸ்டில் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை என்றால் வழியற்று நிற்பார். அப்போது தனியார் கல்லூரியில், கேட்ட பணத்துக்கு, கிடைத்த பாடத்தில் சேர வேண்டியதாகிறது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய் அளவில்தான். அதைப் போட்டு வைப்பதில் எந்தச் சங்கடமும் இல்லை.

சேர்ந்த பிறகு விலக வேண்டி வந்தால் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., தான் கட்டிப்போடும் கயிறு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. குறித்த நாளுக்குள் விலகினால் கட்டணத்தையும் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் வாய்மொழியாகக் கேட்டால் நடக்காது. தேதி போட்டு, காரணம் எழுதி, பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். எங்கே எதைக் கொடுக்கும் முன்பும் எல்லாச் சான்றுகளையும் பத்து நகல் எடுத்து, வண்ணத்தில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வைப்பது நல்லது.

பணம்

மூன்று திட்டங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலான படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவரும் இதில் வருவார். மாநகராட்சி, நகராட்சி, ஆதி திராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் இடம் பெற்றால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். நடுவில் ஒரே ஓர் ஆண்டு அரசு அல்லாத பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும் என்பதால், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஆறு முதல் பன்னிரண்டு வரை எல்லா ஆண்டும் சரியாக ஏறியிருக்கிறதா என்று தேர்வுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். உயர்கல்வியில் இருக்கும் வரை மாதம் 1,000 ரூபாய். இதில் அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருகிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். சேர்ந்த கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். மூன்றாவது, முதல் பட்டதாரிச் சலுகை. இது கலந்தாய்வு மூலம் வந்த தொழிற்கல்வி இடத்துக்குத்தான். கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. முன்பணம் கட்டி ஏப்ரலிலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடிக்கும் குடும்பம், நான்கு ஆண்டுச் சலுகையையும் அன்றே விட்டுக்கொடுக்கிறது. இதை அந்தப் பெற்றோருக்கு யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

கல்விக் கடனைப் பற்றி ஒரு கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாவதுக்கு நான்கு, மூன்றாவதுக்கு மூன்று, நான்காவதுக்கு இரண்டு என்று தனி வட்டியாகவே 1,40,000 ரூபாய் சேரும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய். இந்தத் தொகையை, அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு முடித்தவர்கள் வாங்கும் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கடன் வாங்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அந்தத் தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கல்லூரியின் தரத்துக்கான நாக் அல்லது பிரிவுக்கான என்பிஏ அங்கீகாரம் உள்ள இடமாக இருக்க வேண்டும். கடன் வாங்கும் அன்றே அதற்கான வருமானச் சான்றையும் கொடுத்துவிட வேண்டும், பிறகு கேட்டால் வங்கியில் இழுபடும்.

பொறியியலுக்கு வெளியே

ஐடிஐ என்றால் மதிப்பெண் இல்லாதவர் போகும் இடம் என்ற பேச்சு பிள்ளைகளுக்குப் பெரிய கேடு. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டும் இரண்டாண்டு, வெல்டர் ஓராண்டு. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சைக்கிளும் சீருடையும் உண்டு. முடித்ததும் தொழிற்பழகுநர் பயிற்சிக்குப் போகலாம். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துப் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்து, இரண்டாண்டில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஐந்தாண்டு. நேர்வழியை விட ஓராண்டு கூடுதல்தான், ஆனால் கையில் வேலைத்திறனோடு போகிறார்.

சென்னை ஐஐடி நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்த்துப் படிக்கலாம். வரையும் கை உள்ள பிள்ளைக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி, சிற்பத்துக்கு மாமல்லபுரம். வணிகவியல் மாணவருக்குப் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் படியான சி.ஏ. ஃபவுண்டேஷன். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற நுழைவுத் தேர்வு. இதற்கு முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்க முடியாது, பிளஸ் டூ தேர்வு முடிவதற்குள்ளேயே விண்ணப்ப நாள் வந்து போய்விடும்.

தேர்ச்சி பெறாதவர் விஷயத்தில் வேகம் முக்கியம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் 70க்கு 15, மொத்தத்தில் 35 வேண்டும். செய்முறை இல்லாததில் எழுத்துத் தேர்வில் 90க்கு 25. துணைத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் பொறியியல் துணைக் கலந்தாய்வுக்குக் கூடப் போகலாம். ஓராண்டு வீணாக வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்க ஒரு சில நாட்களே தருவார்கள், அந்த நாட்களில்தான் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். ஆசிரியர் ஒருவர் வீடு தேடிப் போக வேண்டிய நேரம் அதுதான். முடிவு வெளியாகும் அன்று மாலையே போக வேண்டும். மனம் உடைந்த பிள்ளைக்கு 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும், கல்வி வழிகாட்டலுக்கு 14417.

பிள்ளையிடம் கேட்பது எப்படி

"என்ன ஆகப்போறே?" என்று கேட்டால் "டாக்டர், இன்ஜினியர், கலெக்டர்" என்ற மூன்று விடைகள்தான் வரும். அவை பிள்ளையின் விடைகள் அல்ல, வீட்டின் விடைகள். "எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்?", "நாளைக்கு எத்தனை மணி நேரம் பஸ்ஸில் போய்வர முடியும்?", "விடுதியில் தங்க அம்மா சம்மதிப்பாங்களா?", "மூன்றாண்டில் சம்பாதிக்க வேண்டுமா, ஐந்தாண்டு பொறுக்க முடியுமா?" என்று கேட்டால் திட்டம் பிறக்கும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் பஸ் கேள்விதான் பல நேரம் முடிவு செய்கிறது. ஊருக்குக் கடைசிப் பேருந்து மாலை ஆறரைக்கு என்றால், ஐந்தரை வரை ஆய்வகம் இருக்கும் கல்லூரி எவ்வளவு நல்லதானாலும் இரண்டாம் பருவத்தில் பிரச்சினை வரும். பெற்றோரை அந்தக் கல்லூரிக்கும் விடுதிக்கும் ஒருமுறை நேரில் அழைத்துப் போனால் தீரும் தயக்கம், பத்து முறை பேசினாலும் தீராது.

நீட் மறுமுறை எழுத விரும்பும் பிள்ளைக்கு ஒரே அளவுகோல்: தன் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணுக்கும் தனக்கும் எவ்வளவு தூரம்? 720இல் முப்பது நாற்பது குறைந்தால் ஓராண்டு கேட்பது நியாயம். இருநூறு குறைந்தால், அந்த ஓராண்டில் நர்சிங்கிலோ கால்நடை மருத்துவத்திலோ பி.எஸ்சி. வேதியியலிலோ சேர்ந்துவிடுவது நல்லது.

சேர்ந்த பிறகு

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாரும் கை கழுவிவிடுவார்கள். உண்மையில் முதல் ஆறு வாரம்தான் மிக ஆபத்தான காலம். பள்ளியில் தேர்ச்சிக்கு 35 போதும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் 50 வேண்டும், அதிலும் பருவத்தேர்வில் மட்டும் 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. முதல் பருவத்தில் கணிதத் தாளில்தான் தமிழ் வழிப் பிள்ளைகள் பலர் முதல் அரியர் வைக்கிறார்கள். கணக்கு தெரியாமல் அல்ல, கேள்வி என்ன கேட்கிறது என்று ஆங்கிலத்தில் புரியாமல். இடம் உறுதியாகி வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் நாட்களில், பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை இறக்கி, அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றையும் தெரிந்த கணக்குகளாகவே ஆங்கிலத்தில் வாசித்துப் போட்டுப் பார்த்தால் இந்தத் தடை பெருமளவு விலகும். பள்ளிக் கணித ஆசிரியர் ஆகஸ்ட் மாதம் வாரம் இரண்டு மாலை, தன் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேரை உட்கார வைத்தால் போதும்.

அக்டோபரில் ஒருமுறை கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்க வேண்டும்: முதல் உள்தேர்வில் எவ்வளவு? வருகை எத்தனை சதவீதம்? உதவித்தொகை கணக்கில் ஏறியதா? மூன்றாவதுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பழைய எட்டாம் வகுப்பு வங்கிக் கணக்கைத் தேடிப் பார்க்க வேண்டும்.